மூன்றாவது பிள்ளை

2010 ஜூலை மாதம், தேக்காவில் ஒரு கிளியைப் பார்க்கக் கூட்டம் கூடியது. சிராங்கூன் ரோட்டில் கிளி ஜோதிடம் புதிதல்ல. சின்ன வயதில் அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் ஐந்தடிப் பாதையில் கூண்டும் சீட்டுக்கட்டுமாக யாராவது உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கேமராக்களோடு வெள்ளைக்காரர்கள் மண்டியிட்டு ஒரு கிளியைப் படம் பிடித்ததை அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன். கிளியின் பெயர் மணி. அதன் உரிமையாளர் முனியப்பனுக்கு அப்போது எண்பது வயது. உலகக் கோப்பைக் கால்பந்தில் நான்கு காலிறுதி ஆட்டங்களிலும் யார் ஜெயிப்பார்கள் என்று மணி சரியாக எடுத்துக் கொடுத்துவிட்டது. நெதர்லாந்து, உருகுவே, ஜெர்மனி, ஸ்பெயின். பிறகு ஸ்பெயினும் ஜெர்மனியும் மோதிய அரையிறுதியில் ஸ்பெயின் என்றது. அதுவும் பலித்தது. கால்பந்துப் பந்தயத்தில் பணம் கட்டுகிற சீன அங்கிள்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அதே நேரத்தில் ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் பால் என்ற ஆக்டோபஸ் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. இறுதியாட்டத்தில் இரண்டும் முட்டிக்கொண்டன. பால் ஸ்பெயின் என்றது. மணி நெதர்லாந்து என்றது. ஜூலை 11 அன்று 116ஆவது நிமிடத்தில் இனியெஸ்டா அடித்த ஒரே கோலில் எங்கள் கிளி தோற்றது.

எனக்கு அப்போது 21 வயது. நிகழ்தகவு பற்றிக் கொஞ்சம் படித்திருந்த திமிர். இரண்டில் ஒன்றை ஐந்து முறை தொடர்ந்து சரியாக எடுக்க வாய்ப்பு 32இல் ஒன்று, இதில் என்ன அதிசயம் என்று வீட்டில் பேசினேன். பாலின் எட்டுக்கு எட்டு 256இல் ஒன்று. அதுவும் பெரிய விஷயமில்லை. அந்த வருடம் உலகம் முழுக்க எத்தனையோ பிராணிகள் குறி சொல்லிக்கொண்டிருந்தன. ஜெர்மனியின் செம்னிட்ஸ் விலங்குக் காட்சிசாலையில் ஒரு முள்ளம்பன்றியும் ஒரு குள்ள நீர்யானையும் சொல்லித் தப்பாகப் போயிற்று. அவற்றின் பெயர் யாருக்கும் நினைவில்லை. பலித்தவை மட்டும் செய்தியில் மிஞ்சும்.

அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். நிமிர்ந்து பார்க்காமல், "உன்னையும் கிளிதான் சொன்னுச்சு, தெரியுமா?" என்றார்.

அன்றைக்கு அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். பின்னால்தான் அந்த ஒரு வரி என்னை எங்கெங்கோ கொண்டுபோனது.

*

கிளி ஜோதிடத்தில் கிளி ஒன்றையும் கணிப்பதில்லை. கூண்டைத் திறந்தால் வெளியே வருகிறது, அடுக்கியிருக்கும் சீட்டுகளில் ஒன்றை அலகால் இழுத்துப் போடுகிறது, ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறது. உறையைப் பிரித்தால் முருகனோ லட்சுமியோ படமாக வருவார்கள். கணிப்பதெல்லாம் அதற்குப் பிறகு, ஜோதிடரின் வேலை. அவர் சீட்டைப் பார்ப்பதைவிட எதிரே இருப்பவரைத்தான் அதிகம் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் முப்பது வயது ஆண் ஒருவர் தனியாக வந்து குந்தினால், ஊரில் கடன் இருக்கிறது, தங்கச்சி கல்யாணம் இருக்கிறது, ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் இன்னும் அடையவில்லை. பட்டுச்சேலை கட்டிய அம்மாளும் கூடவே முகம் கொடுக்காத இளம்பெண்ணும் என்றால் வரன். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி தயங்கித் தயங்கி உட்காரும் கல்யாணமான பெண் என்றால் பிள்ளை.

அவருக்குத் தெரிவது வந்தவரை அல்ல, வந்தவரைப் போன்றவர்களை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் இதே விஷயத்தைக் கண்டுபிடித்தபோது அதற்குப் புள்ளியியல் என்று பெயர் வைத்து, பெரிய தத்துவச் சண்டையே போட்டார்கள்.

பாரிஸ் அஞ்சலகத்தில் முகவரி சரியில்லாமல் தேங்கும் கடிதங்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை என்று லாப்லாஸ் எழுதினார். யாரும் திட்டமிட்டு முகவரியை மறப்பதில்லை. ஆனாலும் மறப்பவர்களின் தொகை நிலையாக இருக்கிறது. அவருக்கும் முன்பே, 1784இல் கான்ட் ஒரு கட்டுரையை இதே புதிரோடுதான் தொடங்கினார். கல்யாணம் செய்துகொள்வது அவரவர் விருப்பம். ஆனால் பெரிய நாடுகளின் ஆண்டுப் பட்டியலைப் பார்த்தால் அது மழை வெயில் போல ஒரு ஒழுங்கில் நடக்கிறது. 1835இல் பெல்ஜியக்காரர் கெத்லே இன்னும் ஒரு படி போய், கொலைக்கும் களவுக்கும்கூட ஆண்டு வரவுசெலவுத் திட்டம் போட முடியும் என்றார். அடுத்த வருடம் எத்தனை பேர் கொலை செய்வார்கள் என்று சொல்லிவிடலாம், யார் என்றுதான் சொல்ல முடியாது.

இந்தப் பேச்சு ரஷ்யா வரை போய்ச் சேர்ந்தபோது கோபத்தில் குதித்தவர் தஸ்தயெவ்ஸ்கி. 1864இல் வந்த 'நிலவறைக் குறிப்புகள்' நாவலில் வரும் மனிதன், என்னை அட்டவணையில் அடக்கினால் அதைப் பொய்யாக்கவாவது நான் பைத்தியமாகி விடுவேன் என்கிற ரகம். கல்லூரிக் காலத்தில் அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இப்போது ஒரு சந்தேகம் வருகிறது. எந்த நகரத்திலும் வருடத்துக்கு இத்தனை பேர் அப்படி முறுக்கிக்கொள்வார்கள் என்று ஒரு அட்டவணை போட முடியாதா என்ன? தல்ஸ்தோய் நிதானமானவர். 'போரும் அமைதியும்' முடிந்த பிறகும் முடிக்க மனமில்லாமல், சுதந்திரமும் விதியும் வரலாற்றில் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று இரண்டாம் பின்னுரை முழுக்க எழுதித் தீர்த்தார். வாசகர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் பக்கங்கள். நானும் முதல் தடவை தாண்டினேன்.

நம் பக்கத்தில் இதைப் பெரிய முரணாகவே யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. திருக்குறளில் 38ஆம் அதிகாரம் ஊழ். 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. முதலாவதில் விதியைவிட வலியது எதுவுமில்லை, இரண்டாவதில் சளைக்காமல் முயல்பவன் விதியையே புறமுதுகிட வைப்பான். ஒரே ஆசிரியர், ஒரே நூல். புறநானூற்றின் 192ஆம் பாட்டை எழுதியவரின் பெயரிலேயே 'கணியன்' இருக்கிறது, நாள் கணித்துச் சொல்பவர். சிங்கப்பூரில் தமிழ் மேடை எதுவானாலும் அந்தப் பாட்டின் முதல் வரியோடு ஆரம்பித்து முதல் வரியோடு முடித்துவிடுவார்கள். ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பம் போல உயிர் போகிறது என்று உள்ளே அவர் சொல்வதை யாரும் எடுப்பதில்லை. அதனால்தான் பெரியவர்களை வியக்கவும் வேண்டாம், சிறியவர்களை இகழவும் வேண்டாம் என்கிறார். கணிப்பது தொழிலாக இருந்த ஒருவர் வந்து சேர்ந்த இடம் அது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

*

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். கெத்லே இந்த ஊரைப் பார்த்திருந்தால் இங்கேயே வீடு வாங்கியிருப்பார்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஹேம்ப்ஷயர் ரோடு. அங்கேதான் பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இருந்தது. மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள்; ஒரு காலத்தில் இந்த வட்டாரம் முழுக்க மாடுதான். 1966இல் அந்த ஒரு மருத்துவமனையில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்து கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதே வருடம்தான் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. 1970இல் கருக்கலைப்பு சட்டப்படி செல்லுபடியானது. 1972இல் 'ஆணோ பெண்ணோ இரண்டு போதும்' பிரசாரம். மூன்றாவது பிள்ளை பெற்றால் பிரசவக் கட்டணம் கூடும், சம்பளத்தோடு பேறுகால விடுப்பு கிடையாது, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் பிடிப்பதில் பின்வரிசை. மக்கள் கணக்குப் பார்ப்பார்கள் என்று அரசாங்கம் கணித்தது. பார்த்தார்கள். 1965இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.66 பிள்ளைகள், பத்தே வருடத்தில் அது இரண்டைச் சுற்றி வந்து நின்றது.

பிறகு வண்டி நிற்கவில்லை. 1986இல் 1.43. அது புலி வருடம் என்பதையும் சொல்ல வேண்டும். புலி வருடத்தில் பெண் பிறந்தால் ஆகாது என்று சீனர்களில் பலர் தள்ளிப்போட்டார்கள். அரசாங்கத்தைக் கலங்க வைத்த அந்த எண்ணிலேயே கொஞ்சம் ஜோசியம் கலந்திருந்தது! 1987 மார்ச்சில் கோ சோக் டோங் புதிய கொள்கையை அறிவித்தார். வசதியிருந்தால் மூன்று அல்லது அதற்கும் மேல். மூன்றாவது பிள்ளைக்கு 20,000 வெள்ளி வரிக்கழிவு.

நான் 1988 அக்டோபரில், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், மூன்றாவது பெண்ணாகப் பிறந்தேன்.

எனக்கு மூத்தவர்கள் இரண்டு அக்காக்கள், 1979இலும் 1982இலும் பிறந்தவர்கள். சித்தப்பாமார் என்னை "கோ சோக் டோங் பிள்ளை" என்றுதான் கிண்டல் செய்வார்கள். உயர்நிலைப் பள்ளியில் சமூகவியல் பாடத்தில் இந்தக் கொள்கைகளைப் படித்தபோது வகுப்பில் யாரோ திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். புத்தகத்தில் இருந்த வரைபடத்தில் 1988இல் ஒரு கூர்முனை. 1987இல் ஏறத்தாழ 43,600 குழந்தைகள், 1988இல் ஏறத்தாழ 53,000. புதிய கொள்கை ஒரு காரணம், டிராகன் வருடம் இன்னொரு காரணம் என்று போட்டிருந்தது. என் பிறப்புக்கான காரணத்தைப் பாடப்புத்தகத்தில் படிப்பது விசித்திரமாக இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது, ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

பல வருடம் கழித்து அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன்.

"அந்த இருபதாயிரம் வெள்ளிக்காகவா என்னைப் பெத்தீங்க?"

அம்மா சிரித்தார். "அப்பா சம்பளத்துக்கு வரி எங்கடி இருந்துச்சு? கழிக்க ஏதாச்சும் இருந்தாத்தானே கழிக்க முடியும்."

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய அப்பாவுக்கு அந்தக் கழிவால் பத்துக் காசு லாபமில்லை. வசதியிருந்தால் என்ற சொல்லில் எங்கள் வீடு இல்லை. அது மட்டுமல்ல. 1984இல் வேறொரு திட்டம் வந்திருந்தது. உயர்நிலைத் தேர்ச்சி இல்லாத, குடும்ப வருமானம் மாதம் 1,500 வெள்ளிக்குக் குறைவான, முப்பது வயதுக்கு உட்பட்ட தாய்மார்கள் ஒன்றோ இரண்டோ பிள்ளைகளோடு கருத்தடை அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளி. கையில் தரமாட்டார்கள், வீவக வீடு வாங்க மத்திய சேமநிதிக் கணக்கில் போடுவார்கள். அம்மாவுக்கு அப்போது 28 வயது, இரண்டு பெண்கள், ஆறாம் வகுப்புப் படிப்பு. அட்டவணையில் அவர் இருந்த கட்டம் அதுதான். இந்தப் பெண் நிறுத்திக்கொள்வாள், அல்லது நிறுத்திக்கொள்ள வைக்கலாம். பக்கத்து புளோக்கில் இரண்டு பேர் செய்துகொண்டார்கள். அந்தப் பணத்தில் மூன்றறை வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். நாங்கள் இன்னும் ஆறு வருடம் வாடகை வீட்டில் இருந்தோம்.

"நீங்க ஏன் செஞ்சுக்கல?"

"பயம். கத்தின்னா பயம்." கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா வேணாம்னாரு." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "என்னமோ செய்யல. அவ்ளோதான். எல்லாத்துக்கும் காரணம் கேட்டா எப்படி?"

ஒரே கேள்விக்கு மூன்று பதில். எது உண்மை என்று அம்மாவுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நான்காவதாக ஒன்றும் உண்டு. 1987 கடைசியில் ஒரு தோழியோடு மார்க்கெட் போனபோது அம்மா கிளி ஜோதிடரிடம் உட்கார்ந்திருக்கிறார். (முனியப்பன் இல்லை, வேறு யாரோ.) முருகன் படம் வந்ததாம். அடுத்தது பையன் என்று ஜோதிடர் அடித்துச் சொல்லியிருக்கிறார்.

ஆக 1988இன் கூர்முனையில் நான் ஒரு புள்ளி. ஆனால் பாடப்புத்தகம் சொன்ன இரண்டு காரணங்களில் ஒன்றும் எனக்குப் பொருந்தாது. கொள்கை எங்களை நோக்கிப் பேசவே இல்லை. டிராகனைப் பற்றி அம்மாவுக்கு இருந்த ஒரே அக்கறை, அந்த வருடம் மருத்துவமனையில் கட்டில் கிடைக்கவில்லை என்பதுதான். எண்ணில் நான் சரியாக உட்கார்ந்திருக்கிறேன், காரணத்தில் இல்லை. அந்த 53,000இல் இப்படி எத்தனை பேர்?

*

டிராகன் பற்றி ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இது பழங்காலச் சீன வழக்கம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். டேனியல் குட்கைண்ட் என்ற மக்கள்தொகை ஆய்வாளர் 1991இல் எழுதிய கட்டுரையில் அது அப்படியில்லை என்று காட்டினார். 1952, 1964 டிராகன் வருடங்களில் பிறப்பு விகிதம் எகிறவில்லை. 1976இல்தான் முதன்முதலாக எகிறியது. டிராகன் நல்ல ராசி என்ற நம்பிக்கை பழையதாக இருக்கலாம், ஆனால் எந்த வருடம் பிள்ளை பெறுவது என்று தீர்மானிக்கும் வசதி அதற்கு முன் கையில் இல்லை. மாத்திரையும் மருத்துவமனையும் வந்த பிறகுதான் நம்பிக்கை எண்ணாக மாறியது.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். தேர்ந்தெடுக்க முடியாதவரை அந்தத் தாய்மார்களின் பிள்ளைப்பேறு வருடத்துக்கு வருடம் தன்போக்கில் போனது. தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் வந்ததும் எல்லோரும் ஒரே வருடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லிவிடக்கூடிய அளவுக்கு ஒழுங்காக. சுதந்திரம் வந்தால் கணிப்பு பொய்க்கும் என்றுதான் தஸ்தயெவ்ஸ்கியின் ஆளைப் போல நானும் நினைத்திருந்தேன். இங்கே தலைகீழ். சுதந்திரம் வந்ததால்தான் கணிக்கவே முடிந்தது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

1988இல் விகிதம் 1.62இலிருந்து 1.96க்குப் போனது. 2000இல் 1.47இலிருந்து 1.60. 2012இல் 1.20இலிருந்து 1.29. ஒவ்வொரு முறையும் டிராகனின் வாய் சிறுத்துக்கொண்டே வருகிறது, ஆனாலும் மூன்று முறையும் தவறாமல் வந்தது.

2024 அடுத்த டிராகன். அந்த வருடச் சீனப் புத்தாண்டுச் செய்தியில் பிரதமர் லீ சியன் லூங், இளம் தம்பதிகள் குடும்பத்தில் ஒரு குட்டி டிராகனைச் சேர்த்துக்கொள்ள இதுவே நல்ல நேரம் என்று அழைப்பு விடுத்தார். 2023இல் 0.97. 2024இல் என்ன? அதே 0.97.

அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஹாரி செல்டனின் கணக்கு பலிக்க வேண்டுமானால் மக்களுக்கு அந்தக் கணக்கு தெரியக்கூடாது. பிரதமர் வாய்விட்டுச் சொன்னதால்தான் டிராகன் வரவில்லை என்று என் நண்பன் ஒருவன் கேலியாகச் சொன்னான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1988இல் பிறந்த குட்டி டிராகன்களுக்கு 2024இல் 36 வயது. கூட்டமான பள்ளி வகுப்பு, பல்கலைக்கழக இடத்துக்கு நெரிசல், வீவக வீட்டுக்குக் காத்திருப்பு என எல்லா வரிசையிலும் முன்னால் ஆள் நின்றே பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அதே நெரிசலைச் சொந்தப் பிள்ளைக்கும் வாங்கித் தர நாங்கள் தயங்கியிருக்கலாம். இது என் ஊகம்தான். எனக்கும் பிள்ளை இல்லை, அதனால் என் ஊகத்தை முழுதாக நம்ப வேண்டாம்.

*

நான் பிறந்த கட்டடத்துக்கு இப்போது போனால் அங்கே மருத்துவமனை இல்லை. 1997இல் அது புக்கித் தீமா ரோட்டுக்கு இடம் மாறிவிட்டது. பழைய இடத்தில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையகம். கார் ஓட்டிகள் என்ன செய்வார்கள் என்று நாளெல்லாம் கணக்கிடும் இடம்.

அந்தக் கணக்கு 1975 ஜூன் 2 அன்று தொடங்கியது. காலை 7.30 முதல் 9.30 வரை நகர மையத்துக்குள் கார் நுழைய வேண்டுமானால் மூன்று வெள்ளி கட்டி வில்லை ஒட்ட வேண்டும். நான்கு பேர் இருக்கும் காருக்கு இலவசம். போக்குவரத்து கால்வாசிக்குச் சற்று மேல் குறைந்தால் போதும் என்று திட்டமிட்டார்கள். ஏறத்தாழ 44 விழுக்காடு குறைந்தது. கணிப்புக்கு மேலேயே வெற்றி. ஆனால் ஜனங்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். கட்டண நேரம் முடிகிற 9.30 வரை காத்திருந்து, அடித்துப் பிடித்து நுழைந்தார்கள். அதனால் ஆகஸ்டில் நேரத்தை 10.15 வரை நீட்ட வேண்டியதாயிற்று. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர்களை ஏற்றிக்கொண்டு நான்கு பேர் கணக்கை நிரப்பினார்கள். காலையில் உள்ளே வராத கார் மாலையில் வெளியே போகாது என்று அதிகாரிகள் நம்பினார்கள், பார்க்கப்போனால் நியாயமான கணக்குத்தான். மாலை நெரிசல் அசையவே இல்லை. 1989இல் மாலைக்கும் கட்டணம் வைத்தார்கள். 1998இல் எல்லாம் மின்னியல் சாலைக் கட்டணமாக மாறியது. இப்போது வேகம் குறைந்தால் கட்டணம் ஏறும், வேகம் கூடினால் இறங்கும். கவனித்தால் ஒன்று புரியும். ஓட்டிகள் இதைச் செய்வார்கள் என்று அடித்துச் சொல்வதை ஆணையம் கைவிட்டுவிட்டது. செய்வதைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. தேக்கா ஜோதிடர் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றுவதும் இதேதான், சம்பளம் மட்டும்தான் வேறு.

அதே ஹேம்ப்ஷயர் ரோடு, ரேஸ் கோர்ஸ் ரோட்டைச் சந்திக்கும் முனையில், 2013 டிசம்பர் 8 இரவு தனியார் பேருந்து ஒன்றில் அடிபட்டு 33 வயதுத் தமிழகத் தொழிலாளி ஒருவர் இறந்தார். ஞாயிற்றுக்கிழமை. சுமார் 300 பேர் திரண்டார்கள். பேருந்து நொறுங்கியது, காவல்துறை வாகனங்களும் ஆம்புலன்ஸும் எரிந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே கலவரமே நடந்ததில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டி யோசிக்கும் இந்த ஊர் அதை யோசிக்கவில்லை.

ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 2014 ஜூனில் அறிக்கை வந்தது. விபத்துதான் தூண்டுதல், மது கூட்டியது, வேலைநிலைமை மீதான மனக்குறை காரணமல்ல என்றது. 2015இல் புதிய மதுச் சட்டம் வந்தபோது லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள் ஆயின. இங்கே சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணிவரை வெளியிடத்தில் குடிக்கக்கூடாது. ஒரு கணிப்பு சட்டமாயிற்று. இந்தத் தெரு, இந்தக் கிழமை, இந்த மாதிரி ஆட்கள், பாட்டில் என்றால் இது நடக்கும்.

அன்றிரவு எடுத்த காணொளி ஒன்று எல்லோர் கைப்பேசியிலும் சுற்றியது. கூட்டத்துக்குள்ளிருந்தே ஒருவர் கையை விரித்துக்கொண்டு, பொருள் எறிபவர்களைத் தடுத்துத் தள்ளுகிறார். அவரும் அதே தெருவில், அதே ஞாயிற்றுக்கிழமை இருந்தவர்தான். வாரம் முழுக்க பலர் செய்கிற அதே வேலை, அதே லாரிப் பயணம் அவருக்கும் இருந்திருக்கும். அட்டவணையில் அவருக்கும் மற்ற முந்நூறு பேருக்கும் ஒரே கட்டம்தான். சட்டம் கட்டத்துக்குத்தான் போட முடியும், எனக்குப் புரிகிறது. ஞாயிறு மாலை தேக்காவில் கையில் பீர் டின்னோடு நிற்கக்கூடாது என்ற விதி அவருக்கும் சேர்த்துத்தான். மொத்தத்தில் சரியாக இருக்கும் ஒரு எண், தனியாள் ஒருவர் மீது இறங்கும்போது அநியாயமாகிவிடுகிறது. 1984இல் என் அம்மாவுக்கு நீட்டப்பட்ட பத்தாயிரம் வெள்ளியும் அப்படி இறங்கியதுதான். ஆறாம் வகுப்புப் படித்தவளின் மூன்றாவது பிள்ளை என்னவாகும் என்று யாரோ ஒரு மேசையில் ஏற்கெனவே கணித்து வைத்திருந்தார்கள். அந்தக் கணிப்பைப் பற்றி நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்கிறது.

*

போன வருடம் பிப்ரவரியில் 0.97 என்ற எண் செய்தியில் வந்த அன்று அம்மா வீட்டில் இருந்தேன். தொலைக்காட்சியில் வரைபடம் காட்டினார்கள். 1988இன் முனை திரையின் இடப்பக்கத்தில் இன்னும் துருத்திக்கொண்டிருந்தது.

"நான் அங்கதான் இருக்கேன்," என்று விரலால் காட்டினேன்.

அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எங்க?"

"அந்த உச்சியில."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சேனலை மாற்றினார். எனக்குச் சட்டென்று நினைவு வந்து கேட்டேன், அத்தனை வருடமும் ஏன் கேட்கவில்லையோ.

"ஏம்மா, கிளி பையன்னுதானே சொன்னுச்சு. நான் பொறந்ததும் போய்க் கேக்கலையா அந்த ஆள?"

"கேக்காம? உன்னையத் தூக்கிக்கிட்டே போனேன். ரெண்டு வெள்ளியத் திருப்பிக் குடுய்யான்னேன்."

"குடுத்தாரா?"

"எங்க? மறுபடி ஒரு சீட்டு எடுக்கச் சொன்னான். எடுத்துப் பாத்துட்டு, ஆம்பளப் புள்ள மாதிரி வளருவாம்மான்னான்." அம்மா ரிமோட்டைக் கீழே வைத்தார். "அதுக்கும் ரெண்டு வெள்ளி வாங்கிட்டான்."